பச்சத்தண்ணி குடிச்ச ரேடியேட்டரும் என்னோட ரெண்டு நாள் பாடும்

போன வருஷம் மார்ச்ல வால்பாறை போனோம். ஆழியார் தாண்டி கொண்டை ஊசி வளைவு ஏற ஆரம்பிச்சாச்சு, மொத்தம் 40 வளைவு, லோம்ஸ் வியூ வரைக்கும் வண்டி கம்முனுதான் வந்துச்சு, அதுக்கு மேல கொஞ்ச தூரத்துல டெம்பரேச்சர் முள்ளு நடுவுல இருந்து மெதுவா மேல நகருது. ஏசிய அணைச்சேன், அப்பவும் நகருது. ஹீட்டர முழு சூட்டுல வச்சு ஃபேன போட்டேன் (வேர்த்து ஊத்தும், ஆனா எஞ்சின் சூட்டுல கொஞ்சத்த உள்ள இழுத்துக்கும், இந்த வித்தைய தெரிஞ்சு வச்சுக்கங்க), முள்ளு ஒரு இடத்துல நின்னுச்சு, இறங்கல. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணா பானட் இடுக்குல இருந்து ஆவி. தடுப்புச்சுவர் மேல ஒரு வரையாடு நின்னுக்கிட்டு எங்களயே பாக்குது.

பின்னாடி வந்த ஜீப்காரர் ஒருத்தர் நல்ல மனுஷன், துண்டை நனைச்சுக்கிட்டு வந்து "மூடியத் தொறந்து தண்ணி ஊத்திரலாங்க, ரெண்டே நிமிஷம்"னாரு. எங்கப்பா ஒண்ணும் பேசல, முழுக்கைச் சட்டைய முழங்கை வரைக்கும் மடிச்சு கைய நீட்டிக் காட்டினாரு. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தோல் வழவழன்னு வேற நிறத்துல இருக்கும். அம்பாசிடர் வச்சிருந்த காலத்துல ஊட்டி ரோட்ல பர்லியார் கிட்ட சாக்குத்துணிய மூடி மேல போட்டு "பதமாத்தான்" திருகினாராம். பதமெல்லாம் அதுக்குத் தெரியுமா. ஜீப்காரர் அத பாத்துட்டு துண்டை தோள்ல போட்டுக்கிட்டு டீ குடிக்கலாம்னு சொல்லிட்டாரு.

ஏன் அப்படி பீச்சுதுன்னா, ரேடியேட்டர் (எஞ்சின் தண்ணிய ஆற வைக்கற பெட்டி) மூடி வெறும் மூடி இல்லீங்க, அது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. மூடி மேல 0.9 இல்லாட்டி 1.1ன்னு அச்சடிச்சிருப்பாங்க, உள்ள அத்தனை அழுத்தம் ஏறுற வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும்னு அர்த்தம். அழுத்தம் இருக்கிறதால தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 120 பக்கத்துல போனாத்தான் கொதிக்கும். மூடியத் தொறந்த உடனே அழுத்தம் போயிரும், 110 டிகிரில சும்மா இருந்த தண்ணி அந்த நொடியே கொதிச்சு ஆவியா மாறும், 1 லிட்டர் தண்ணி ஆவியாச்சுன்னா 1600 லிட்டருக்கு மேல இடம் கேக்கும். அதுக்கு ஈரத்துண்டு என்ன பண்ணும்.

ஒன்னரை மணி நேரம் உக்காந்திருந்தோம். அப்புறம் எஞ்சினையும் ரேடியேட்டரையும் சேக்கற மேல் ஹோஸ புடிச்சுப் பாத்து, அது சூடும் இல்லாம விறைப்பும் இல்லாம தொளதொளன்னு ஆனதும் தொறந்து குடிக்க வச்சிருந்த தண்ணியில ஒன்னரை லிட்டர் ஊத்தினோம். சூடா இருக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணிய ஊத்தினா ஹெட் (எஞ்சினோட மேல் பாகம்) கிராக் விடறதுக்கு வாய்ப்பு இருக்கு, அதனால அந்தக் காத்திருப்பு கைக்கு மட்டும் இல்ல, வண்டிக்கும்தான். வால்பாறைய மறந்துட்டு மெதுவா இறங்கி கோயமுத்தூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலைல தொறந்து பாத்தா உள்ள கடுங்காப்பி. கூலன்ட் (எஞ்சின் தண்ணில கலக்கற சாயம் போட்ட திரவம்) கலந்த பச்சையும் இல்ல, நீலமும் இல்ல, துருத் தண்ணி. வண்டி 2011 மாடல், ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான் மூணாவது கை. எனக்கு முன்னாடி வச்சிருந்தவங்க கொறைய கொறைய போர் தண்ணியவே ஊத்தியிருக்காங்க. நானும் யோக்கியன் இல்ல, ரிசர்வ் பாட்டில்ல மேக்ஸ் கோடு வரைக்கும் ஏதோ ஒண்ணு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வருஷக்கணக்கா ஓட்டியிருக்கேன்.

எங்க தெருவுல பஸ் டெப்போல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட போய் "நம்ம ஊர்ல ஐஸா உறையப் போகுது, கூலன்ட் எதுக்குண்ணா, தண்ணி போதாதா"ன்னு கேட்டேன். "ஏந்தம்பி, உங்க வீட்டுல பக்கெட்ல போடுற ஹீட்டர் ராடு இருக்குதா, அத எடுத்து பாருங்க"ன்னாரு. வந்து பாத்தேன். ராடு முழுக்க வெள்ள வெள்ளயா சுண்ணாம்பு மாதிரி உப்பு படிஞ்சு, அங்கங்க பொரிஞ்சு உரிஞ்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு வருஷ ராடு அது. எஞ்சின் பிளாக்குக்கு உள்ளயும் ரேடியேட்டரோட சந்து சந்தான குழாய்லயும் இதே கதைதான் நடந்திருக்கும்னு அப்பத்தான் உறைச்சுது.

உண்மைய சொன்னா சூட்ட தூக்கிட்டு போறதுல சுத்தமான தண்ணிதான் கெட்டி, கூலன்ட் கலந்த தண்ணி அதவிட கொஞ்சம் கம்மிதான். அப்புறம் எதுக்கு கலக்கறோம்னா முக்கியமா துருவுக்கு. அலுமினியம் ஹெட், அலுமினியம் ரேடியேட்டர், பித்தளை, இரும்பு, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணில ஊறிக்கிட்டு இருக்கு, அரிக்காம இருக்க அதுல மருந்து கலந்திருக்கணும், அந்த மருந்துக்கும் ஆயுசு இருக்கு, அதனாலதான் கொறையலேன்னாலும் இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துன்னு மேனுவல்ல போட்டிருக்கான். ரெண்டாவது கொதிநிலை, எத்திலீன் கிளைக்காலும் (கூலன்ட்ல இருக்கற முக்கியமான சரக்கு) தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா திறந்த பாத்திரத்துலயே 106, 107 டிகிரி வரைக்கும் தாங்கும், மூடி அழுத்தமும் சேர்ந்தா 125ஐ தாண்டிரும். மூணாவதாத்தான் உறையறது, அது லடாக் போறவங்க கவலை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய தண்ணிய இறக்கி கூலன்ட் மாத்தற இந்த வேலைய ஒரே காலைல முடிச்சுட்டு மத்தியானம் கறிச்சோறு சாப்பிடலாம்னு நெனச்சேன், முழுசா ரெண்டு நாள் ஆச்சு. வேலை கஷ்டம்னு இல்ல, ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆறணும், ஆறறதுக்கு அதுபாட்டுக்கு நேரம் எடுக்கும், அவசரப்பட்டா அப்பா கை.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியிலதான் ஆரம்பிச்சேன். சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டாச்சு, பேட்டரியோட நெகட்டிவ் ஒயரையும் கழட்டி வச்சாச்சு. எதுக்குன்னா ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல ஓடுறது, சில வண்டில இக்னிஷன் ஆஃப்ல இருந்தாலும் சென்சாருக்கு தோணுச்சுன்னா சுத்தும், விரல் அந்த இறக்கைக்கு நடுவுல இருந்தா அதோட போச்சு. முன்பக்கத்த ஜாக்கி போட்டு தூக்கி ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தேன், பின் சக்கரத்துக்கு கல்லு. ஜாக்கிய மட்டும் நம்பி அடியில தலைய விடறவங்கள இன்னும் பாக்கறேன், செங்கல்ல அடுக்கி வச்சு விடறவங்களயும் பாக்கறேன், செங்கல் சொல்லாம கொள்ளாம பொடியாகும்ங்க.

அடியில ரேடியேட்டரோட கீழ் மூலையில ட்ரெயின் பிளக் இருக்கும். என் வண்டில அது பிளாஸ்டிக். பதிமூணு வருஷ பிளாஸ்டிக், பிளையர் போட்டா ஒடஞ்சு கைல வந்துரும்னு அண்ணன் முன்னாடியே சொன்னாரு, அதனால கையாலயே, கிளவுஸ் போட்டுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா. அசையல. துருத் தண்ணி காஞ்சு மரைய சுத்தி ஒட்டியிருக்கு. சுடுதண்ணி நனைச்ச துணிய அஞ்சு நிமிஷம் அதுமேல சுத்தி வச்சுட்டு மறுபடி திருகினா 'ட்டிக்'னு ஒரு சத்தம், நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு, ஒடஞ்சுதுன்னே நெனச்சேன், ஆனா மரைதான் விட்டிருக்கு. மேல மூடி சாத்தியிருக்கறப்ப சொட்டு சொட்டாத்தான் வரும், போய் மூடிய அழுத்தி இடது பக்கமா திருகி எடுத்தா அப்பத்தான் காத்து உள்ள போய் ஒழுங்கா கொட்டும். அந்த பிளக் ஒடைஞ்சிருந்தா இல்ல உங்க வண்டில பிளக்கே இல்லைன்னா கீழ் ஹோஸோட கிளிப்ப தளர்த்தி அந்த வழியா இறக்கலாம், ஒரே மடக்குல கொட்டும், டப்பு பெருசா வைங்க.

டப்புல புடிக்கணும், தரையில விடக்கூடாது, இத மட்டும் நான் கொஞ்சம் நீட்டி சொல்லப்போறேன். கூலன்ட் இனிப்பா இருக்கும். நாய் நக்கும், பூனை நக்கும், சின்னக் கொழந்தைங்க வாயில வைக்கும். எத்திலீன் கிளைக்கால் ஒடம்புக்குள்ள போய் ஆக்சாலிக் ஆசிடா மாறி கிட்னிக்குள்ள கல்லு கல்லா படியும், பெரிய ஆளுக்கே 100 மில்லி போதும் உயிரு போக. மொதல்ல லேசா போதை மாதிரிதான் தெரியும், அப்புறம் சரியான மாதிரி இருக்கும், அதுக்குள்ள கிட்னி போயிரும், அதனால யாராச்சும் குடிச்சிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே வீட்டு வைத்தியம் பாக்காம டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், மாத்து மருந்து இருக்கு, நேரத்தோட போகணும் அவ்வளவுதான். நம்மாளுங்க ஒரு கெட்ட பழக்கம், மிச்சமான கூலன்ட்ட கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி ஷெட் ஜன்னல்ல வைக்கறது. ரோஸ் கலர் கூலன்ட் பாட்டில்ல இருந்தா ரோஸ்மில்க் சிரப்பேதான். தயவுசெஞ்சு வேணாம்.

என்னோடதுல வந்தது ரெண்டரை லிட்டர் சேறு. ரிசர்வ் பாட்டில கழட்டி பாத்தா அடியில வண்டல், விரல விட்டா வழவழன்னு. அரிசிய போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி குலுக்கு குலுக்குன்னு குலுக்கி கழுவினேன், எங்கம்மா தெர்மாஸ் கழுவுற டெக்னிக். நல்லாவே போச்சு.

அப்புறம் ஃபிளஷ், அதாவது உள்ள தண்ணி விட்டு அலசறது. பிளக்க மூடி தண்ணி ஊத்தி, பேட்டரி ஒயர மாட்டி, ஹீட்டர முழு சூட்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணி தெர்மோஸ்டாட் தொறக்கற வரைக்கும் ஓட விடணும். தெர்மோஸ்டாட்ங்கறது ஒரு சின்ன வால்வு, உள்ள மெழுகு இருக்கும், 82, 88 டிகிரி வாக்குல மெழுகு உருகி வால்வ தள்ளி தொறக்கும். அது மூடியிருக்கற வரைக்கும் எஞ்சின் தண்ணி எஞ்சின்லயே சுத்தும், ரேடியேட்டருக்கு வராது, அப்ப நீங்க ரேடியேட்டர மட்டும் கழுவிக்கிட்டு இருக்கீங்க. அது வரைக்கும் சும்மா இருந்த ரேடியேட்டர் ஹோஸு திடீர்னு சூடாகறத வச்சு தொறந்துருச்சுன்னு கண்டுபிடிச்சுக்கலாம். ஷெட்டுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு ஓட விடாதீங்க, புகை ஆளக் கொல்லும். வேட்டி, துண்டு, ஷால் எதுவும் தொங்கக்கூடாது, பெல்ட் இழுத்துரும். ஆஃப் பண்ணிட்டு, மறுபடி ஆற விடணும், மறுபடி இறக்கணும். சனிக்கிழமை ரெண்டு தடவை, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை. முதல் தடவை டீ கலர், ரெண்டாவது இளநீர்ல சிந்தின காப்பி மாதிரி, மூணாவதுதான் தெளிஞ்சுது.

எந்த தண்ணின்னு ஒரு சண்டை உண்டு. எங்க ஊர்க்காரங்களுக்கு சிறுவாணின்னா தனிக் கர்வம், "சிறுவாணி தண்ணில துரு புடிக்காது"ன்னு எங்கப்பா சத்தியமே பண்ணுவாரு. நான் ஃபிளஷ்ஷுக்கு சிறுவாணி, கடைசி ஒரு அலசலும் கலக்கறதும் டிஸ்டில்டு வாட்டர்னு ராசி பண்ணிட்டேன், பேட்டரி கடைல 5 லிட்டர் கேன்ல கிடைக்கும். குழாய்த்தண்ணி எவ்வளவு ருசியா இருந்தாலும் குளோரின் போட்டுத்தான் வருது, உப்பும் கொஞ்சம் இருக்கும். வீட்டு ஆர்ஓ தண்ணி அவசரத்துக்கு ஓகே, ஆனா சில மிஷின்ல ருசிக்காக தாதுஉப்ப திரும்ப சேர்க்கறான், அப்ப நாம எதுக்கு எடுத்தமோ அதுவே உள்ள போகுது.

கூலன்ட் வாங்கறதுல கலர பாத்து ஏமாறாதீங்க. பச்சைன்னா ஒரு வகை, சிவப்புன்னா ஒரு வகைன்னு கடைல சொல்வாங்க, கலருங்கறது கம்பெனிக்காரன் கலக்கற சாயம், அதுக்கு பொது விதியே கிடையாது. உள்ள இருக்கற அரிப்புத் தடுப்பு மருந்துதான் விஷயம், சிலிகேட் போட்ட பழைய வகை ரெண்டு வருஷம் போல தாங்கும், ஆர்கானிக் ஆசிட் வகை அதவிட அதிக வருஷம் வரும். ரெண்டயும் கலந்தா சில சமயம் கூழா கெட்டியாகி அடைக்கும், அடைக்கலேன்னாலும் மருந்தோட ஆயுசு கொறையும். மேனுவல்ல எந்த வகை போட்டிருக்கோ அத வாங்குங்க.

அடுத்தது நான் தப்பு பண்ணப்போய் அண்ணன் தடுத்த இடம். ரெடிமேடா கலந்து வர்ற கூலன்ட் கேன வாங்கி வச்சிருந்தேன். "தம்பி, பிளக்க தொறந்தா முழுசும் வந்துருச்சுன்னு நெனப்பா உங்களுக்கு?"ன்னாரு. வராது. கணக்கு இப்படி, மொத்த கொள்ளளவு 4 லிட்டர்னு வைங்க, இறங்கினது ரெண்டரை, மிச்சம் ஒன்னரை லிட்டர் பிளாக்குக்குள்ளயும் ஹீட்டர் கோர்லயும் (வண்டிக்குள்ள சூட்டுக் காத்து குடுக்கற குட்டி ரேடியேட்டர்) வெறும் தண்ணியா நிக்குது. இப்ப பாதிக்குப் பாதி கலந்த கேன்ல இருந்து ரெண்டரை லிட்டர் ஊத்தினா அதுல அசல் கூலன்ட் ஒன்னேகால் லிட்டர்தான், 4 லிட்டருக்கு அது 31 சதவீதம், நீங்க பாதின்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. அதனால கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி, மொத்தத்துல பாதி, அதாவது 2 லிட்டர மொதல்ல அப்படியே ஊத்திட்டு, மீதி இடத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். கேன கடைல குடுத்து மாத்திட்டு வந்தேன், கடைக்காரர் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டாரு.

ஊத்தும்போது மெதுவா, வடிகட்டின காப்பி ஆத்தற மாதிரி இல்லாம நூலு மாதிரி. நடுவுல நடுவுல மேல் ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விட்டா 'குளுக் குளுக்'னு காத்து முட்டை வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊத்தணும். ரேடியேட்டர் வாய் வரைக்கும் நிக்குது, 2 லிட்டர் கூலன்ட் போக தண்ணி அரை லிட்டர் போயிருக்கணும்னு மனக்கணக்கு, ஆனா கால் லிட்டர் கூட உள்ள போகல. அப்பவே யோசிச்சிருக்கணும். மணி நாலு, கறிச்சோறு நெனப்பு வேற, மூடிய போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கிளம்பிட்டேன்.

ஒரு கிலோமீட்டர் கூட போகல. டேஷ்போர்டுக்கு பின்னாடி ஓடை ஓடுற மாதிரி சலசலன்னு சத்தம், ஹீட்டர்ல சூட்டுக் காத்து வரவேண்டியது ஜில்லுன்னு வருது, முள்ளு கீழ கிடக்குது, திடீர்னு பாத்தா விர்ருனு மேல ஏறுது. உள்ள காத்து மாட்டிக்கிச்சு. சென்சார் மேல தண்ணி படாம காத்துல நின்னா முள்ளு பொய் சொல்லும், எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும் அது சாதுவா காட்டும், அதனால முள்ள மட்டும் நம்பக்கூடாது, ஹீட்டர் ஜில்லுன்னு வந்தாலே சந்தேகப்படணும். அங்கயே நிறுத்திட்டு நடந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கறி ஆறிப் போயிருந்துச்சு.

சாயங்காலம் வண்டி நல்லா ஆறினப்புறம் மெதுவா கொண்டுவந்து வாசல் சரிவுல மூக்கு மேல இருக்கற மாதிரி நிறுத்தினேன். ரேடியேட்டர் வாய்தான் மொத்த சிஸ்டத்துலயும் உசரமா இருக்கணும், காத்து எப்பவும் மேலதான வரும். ஆறின வண்டில மூடிய எடுத்துட்டு, ஹீட்டர் முழு சூடு, ஸ்டார்ட், ஐடிலிங். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகல. அப்புறம் முட்டை முட்டையா வந்து உடையுது, ஒரு பெரிய ஏப்பம் மாதிரி வந்து மட்டம் நாலு விரக்கடை இறங்கிருச்சு, டிஸ்டில்டு வாட்டர ஊத்த ஊத்த உள்ள போகுது. மூஞ்சிய நேரா மேல வச்சு எட்டிப் பாக்காதீங்க, சூடு ஏற ஏற துப்பும், தள்ளி நின்னு கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்கணும். முட்டை நின்னு, மட்டம் வாய்க்கு வந்து பொங்கப் பாக்கறப்ப மூடிய போட்டேன், ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் விட்டேன், ஹீட்டர்ல அனல் அடிச்சுது. ரிசர்வ் பாட்டில்ல மின்னுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல ஊத்தி வச்சேன். சில வண்டில இதுக்குன்னே ப்ளீட் ஸ்க்ரூ இருக்கும், சில வண்டில ரேடியேட்டர்ல மூடியே இருக்காது, அழுத்தம் எல்லாம் அந்த பாட்டில்லயே, அது மேல இருக்கற மூடிக்கும் அப்பா கை ரூல்தான். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிங்கள மட்டும் தொடாதீங்க, பேட்டரிக்கு போற கூலன்ட் கதையே வேற.

மறுநாள் காலைல பாட்டில்ல ஒரு விரக்கடை கொறைஞ்சிருந்துச்சு, எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் பாட்டில்ல இருந்து உறிஞ்சிக்கும், மூடிக்குள்ள அதுக்குன்னு குட்டி வால்வு இருக்கு. ஊத்தினேன். மூணாம் நாள்ல இருந்து மட்டம் அசையவே இல்ல. பழைய மூடில ரப்பர் வெடிச்சிருந்தது, புதுசு மாத்தினேன், அதே 0.9. கீழ் ஹோஸ் கிளிப் பக்கத்துல காஞ்ச உப்புப் பூத்திருந்தது, தண்ணி இத்தனை நாளா கசிஞ்சது அங்கதான், கிளிப்பும் புதுசு. கசிவு கண்டுபிடிக்காம வெறுமன கூலன்ட் மாத்தியிருந்தேன்னா அதே கடுங்காப்பிக்கு திரும்பியிருப்பேன்.

இறக்கின சேறு மூணு கேன்ல மூடி இறுக்கி, மேல 'விஷம்'னு கொட்டை எழுத்துல எழுதி பரண்ல இருக்கு. சாக்கடைல ஊத்த மனசு வரல, பழைய ஆயில் பீப்பாய்ல கலந்தா அந்த ஆயிலும் வீணாப் போகும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேட்டிருக்கேன், அடுத்த சர்வீஸுக்கு வர்றப்ப கொண்டு வாங்க, எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. அப்பா மட்டும் டிக்கில இன்னும் ரெண்டு பாட்டில் சிறுவாணி தண்ணி வச்சிருக்காரு. கேட்டா குடிக்கறதுக்குங்கறாரு.